அக்காவுக்கு எட்டாத பெடல்

அறுபதிலும் சைக்கிள் மிதிக்கிற என் வயதுக்காரர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கழுத்து வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்றால், அதற்கு வயதுதான் காரணம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வயது பாவம், அது பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்டிவிட்டுப் போவது மற்றவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

நானும் ஆறு மாதம் நம்பினேன். அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் நாற்காலி தேய்த்து ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து ஏற்காடு அடிவாரம் போய், முடிந்த மட்டும் மலையேறித் திரும்புகிற ஒரு கூட்டத்தில் சேர்ந்தேன். அதற்காகவே ரோடு பைக் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் என் உயரம் என்ன என்று கேட்டார். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் விரலை ஓட்டினார். "அம்பத்திரண்டாம் நம்பர் ஃபிரேமுங்கம்மா. கண்ண மூடிட்டு எடுத்துக்கலாம்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். நான்காவது வளைவு ஏறுவதற்குள் பிடரி பற்றி எரிந்தது. இறங்கும்போது பிரேக்கைப் பிடித்த விரல்கள் என்னுடையவை போலவே இல்லை. டாக்டர் வயது என்றார். கூட்டத்தில் இருந்தவர்கள் தலையணையை மாற்றச் சொன்னார்கள். மகன் போனில், "எதுக்கும்மா இந்த வேலை, பேசாம வாக்கிங் போங்க" என்றான். சைக்கிளின் மேல் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் வேறொரு கடைக்குப் போனேன். அங்கே அளவெடுக்கிற வேலையில் ஒரு இளம்பெண் இருந்தாள். அவள் என் உயரத்தைக் கேட்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு சுவராக நிற்கச் சொன்னாள். கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கொடுத்து, இரண்டு காலுக்கும் நடுவில், சீட் அழுத்துகிற மாதிரி மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்தாள். பிறகு தோளிலிருந்து இடுப்பு வரை அளந்தாள்.

"ஏனுங்கம்மா, ஒரே உயரத்துல ரெண்டு பேர் இருந்தாலும் ரெண்டு பேருக்கும் ஒரே ஃபிரேம் சரியா வராதுங்க. ஒருத்தருக்கு கால் நீளமா இருக்கும், ஒருத்தருக்கு உடம்பு நீளமா இருக்கும். உங்களுக்கு கால் நீளம், உடம்பு குட்டை. இந்த ஃபிரேம்ல ஹேண்டில்பார் உங்களுக்கு நொம்பத் தள்ளி இருக்குது. அதுக்குத்தான் கழுத்து புடிக்குது. வயசெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கு வந்தது ஆத்திரம். அந்தப் பெண்ணின் மேல் இல்லை. நாற்பத்தேழு வருடத்துக்கு முன்னால் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் இந்தப் புத்தியில் கால்வாசி ஒருத்தருக்கு இருந்திருந்தால், என் அக்கா ஒன்பதாம் வகுப்பை முடித்திருப்பாள்.

அக்காவுக்கும் எனக்கும் ஒன்றரை வயது வித்தியாசம். ஆனால் ஒரே உயரம். எனக்குப் பதின்மூன்று நடந்தபோது இருவரையும் முதுகோடு முதுகு நிறுத்தினால் தலைக்கு மேல் ஒரு பலகையே வைக்கலாம். ஊரில் பாதிப் பேர் எங்களை இரட்டைப் பிள்ளைகள் என்றே நினைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு அப்பா ஒரே துணியில் எடுப்பார். தையல்காரர் யார் முன்னால் நிற்கிறாளோ அவளை அளந்து, இரண்டு பாவாடை வெட்டுவார். பெரும்பாலும் முன்னால் நின்றவள் நான்தான். அதனால் அக்காவின் பாவாடை எப்போதும் தரையைக் கூட்டிக்கொண்டு போகும், விளிம்பெல்லாம் செம்மண் ஏறியிருக்கும். அம்மா அவளைத்தான் திட்டுவாள். "அவளும் அதே பாவாடதான கட்றா, அவளுதுல மண்ணு ஒட்டுதா பாரு. நடக்கறதுலயே சோம்பேறித்தனம்" என்பாள். ஐந்தாறு கிறிஸ்துமஸ் இப்படிப் போனது. பாவாடை ஏன் ஒருத்திக்கு மட்டும் நீளமாக இருக்கிறது என்று துவைக்கிற அம்மாவும் யோசிக்கவில்லை, தைக்கிறவரும் யோசிக்கவில்லை.

மாதா கோயிலில் பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும் அக்கா என்னைவிட நான்கு விரல் உயரமாகத் தெரிவாள். எழுந்து நின்றால் சமமாகிவிடுவோம். இதை நான் கவனித்திருக்கிறேன். உபதேசம் நீளும்போது பிள்ளைகளுக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது.

எங்கள் எஸ்டேட் பக்கத்துப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு ஏற்காடு டவுனுக்குப் போக வேண்டும். இருந்த ஒரே பஸ் பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் எங்கள் கேட்டைத் தாண்டும். நடந்தால் இரண்டு மணி நேரம், மழைக்காலத்தில் அதுவும் நடக்காது. அக்கா எட்டாவதில் முதல் மார்க். டவுன் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, ஒரு கன்னியாஸ்திரி, அப்பாவைக் கூப்பிட்டு, "இடம் தர்றோம். தெனமும் நேரத்துக்கு வந்து சேர்றது உங்க பொறுப்பு" என்றார். அப்பா எஸ்டேட்டில் காபி காயவைக்கிற களத்தைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி. யோசித்து யோசித்து, ஒரு சைக்கிள் வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தார். ஜூன் மாதத்துக்குள் அக்கா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் எஸ்டேட் நாற்றங்காலில் மண் நிரப்புகிற வேலை. எங்கள் வீட்டில் இதை யாரும் ஒளித்துப் பேசவில்லை. அக்காவின் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் மலையிலிருந்து சேலத்துக்கு இறங்குவது சாமானியமில்லை. செருப்பு வேண்டியவன் எவனும் செருப்புக் கடைக்குப் போவதில்லை. அளவுதான் போகும். காபி மூட்டை தைக்கிற சணல் கயிற்றில் பாத நீளத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தால், லாரியில் இறங்குகிறவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். ஒரே பையில் ஐந்தாறு வீட்டுக் கால்கள் இருக்கும். கிழவியின் கால் குழந்தைக்கும் குழந்தையின் கால் கிழவிக்கும் மாறி வருவது எங்களுக்கு வாடிக்கையான வேடிக்கை. அப்படி வந்த செருப்பை யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சைக்கிளுக்கும் அப்பா அப்படித்தான் அளவெடுத்தார். லாரி டிரைவர் அவருக்குச் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். "மொத்த உசரத்த அளந்துட்டுப் போய் நிக்காதீங்க. இடுப்பெலும்புல இருந்து குதிகால் வரைக்கும் அளந்துக்குங்க. கால் எட்டுனாத்தான சைக்கிளு" என்று அவர் சொன்னதை அப்பா வீட்டில் வந்து பெருமையாகத் திரும்பச் சொன்னார். இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. இன்றைக்குச் சேலத்துக் கடைக்காரருக்குத் தெரியாதது அன்றைக்கு ஒரு லாரி டிரைவருக்குத் தெரிந்திருந்தது. முறை சரியாக இருந்தது. ஆள் மாறிப்போனது.

லாரி அன்று காலை சொல்லாமல் கொள்ளாமல் சீக்கிரமே கிளம்ப நின்றது. அக்கா அம்மாவோடு களை வெட்டுக்குப் போயிருந்தாள். எனக்குப் பொன்னுக்கு வீங்கி, கன்னம் இரண்டும் உப்பி, வேப்பிலையும் மஞ்சளும் பூசிக்கொண்டு வீட்டில் கிடந்தேன். அப்பா கயிறோடு ஓடிவந்தார்.

"எந்திரி கண்ணு. நேரா நில்லு. அவளுக்கும் இதே அளவுதான?"

நான் தலையாட்டினேன். கயிறு என் இடுப்பிலிருந்து குதிகாலுக்கு இறங்கியது, முடிச்சு விழுந்தது, அப்பா போய்விட்டார்.

பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம், அதுவும் காய்ச்சலில் நிற்கிற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது. பத்து நிமிடம் நடந்திருந்தால் களை வெட்டுகிற இடம். லாரி ஓடியா போயிருக்கும். பெரியவர்கள் செய்கிற அவசரத்துக்குச் சின்னவர்களின் தலையாட்டலைச் சாட்சிக்கு வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் சைக்கிள் வந்தது. இருபத்திரண்டு இஞ்ச், நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிள். லேடீஸ் சைக்கிள் மலைக்குத் தாங்காது என்று எஸ்டேட் ரைட்டர் சொல்லிவிட்டாராம். கணக்குப் புத்தகத்தைத் தவிர எதையும் ஓட்டியறியாத மனிதர். ஃபிரேமில் சுற்றியிருந்த பழுப்புக் காகிதத்தை அப்பா கிழிக்க விடவில்லை. கிரீஸும் புது ரப்பரும் கலந்த ஒரு வாசனை வீடு முழுக்க அடித்தது. மணியை இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டு அக்கா கையை எடுத்துக்கொண்டாள். அந்த மணியின் சத்தம் மாதிரி ஒரு சத்தத்தைப் பிறகு நான் எந்தச் சைக்கிளிலும் கேட்கவில்லை. சைக்கிளை எப்போது யாருக்குத் தள்ளிவிட்டார்கள் என்றுகூட எங்கள் வீட்டில் இன்றைக்கு ஒருவருக்கும் நினைவில்லை.

மே மாதத்தில் காபிக் களம் காலியாகக் கிடக்கும். சமமான பெரிய சிமென்ட் தரை, மலையில் சைக்கிள் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் களத்து ஓரமாக நடந்து போவார்கள். போகிறவர் அத்தனை பேரும் ஒரு நிமிடம் நின்று, அக்காவுக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். வெயிலில் தரையிலிருந்து பழைய காபித் தோலின் புளித்த வாடை எழும்பும். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா ஏறுவாள். அப்பா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவார்.

அவளால் உட்கார்ந்து மிதிக்க முடியவில்லை. வலது பெடல் கீழே போனால் உடம்பே வலது பக்கம் சரியும், இடது பெடல் போனால் இடது பக்கம். நின்று மிதித்தால் பார் இடித்தது. இறங்கும்போது தரைக்குக் கால் வராமல் பாரின் மேலேயே விழுவாள். எங்கே அடிபட்டது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத வயது. ராத்திரி பக்கத்தில் படுத்திருக்கும்போது குப்புறப் படுக்க முடியாமல் புரண்டுகொண்டே இருப்பாள்.

"கால் எட்டலீங்கப்பா" என்று அவள் சொன்னாள். ஒரு நாள் இல்லை, தினமும் சொன்னாள்.

"எட்டாம எப்பிடி சாமி போகும். அளவெடுத்துத்தான வாங்கியாந்தேன்" என்பார் அப்பா. அவர் குரலில் கோபமே இருக்காது, அதுதான் கொடுமை. அளவெடுத்தாகிவிட்டது, அதனால் கால் எட்டித்தான் ஆக வேண்டும். சீட்டை அடி வரைக்கும் இறக்கிப் பார்த்தார்கள். அதற்கு மேல் இறங்க ஃபிரேமில் இடமில்லை. ஃபிரேம்தான் பெரியது என்று சொல்ல இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்.

ஆனால் அவர்கள் அத்தாட்சியை அக்காவிடம் தேடினார்கள். அம்மா பயம் என்றாள். ரைட்டர் களத்துப் பக்கம் வந்து, "பெரியவளுக்கு உடம்பு வளையலீங்க, மேஸ்திரி. வேலைக்கு மனசு போயிருச்சு, படிப்புல இல்ல" என்று கண்டுபிடித்தார். தலைமை ஆசிரியை கூட, ஞாயிறு பூசைக்குப் பிறகு அக்காவின் தாடையைப் பிடித்து, "மனசு வச்சா முடியாதது இல்ல" என்றார். முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்கு மனசு இல்லையாம். ஒரு இரும்புக் குழாய் இரண்டு இஞ்ச் உயரமாக இருந்ததற்கு இத்தனை பேர் சேர்ந்து ஒரு பெண்ணின் மனசை அறுத்துப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் அப்பா பெடல்களின் மேல் மரக்கட்டை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். அப்போது அக்காவுக்குக் கால் எட்டியது. களத்தில் தானாக இரண்டு சுற்று வந்தாள். அவள் சிரித்ததை அந்த மாதத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு வாரம் டவுனுக்குப் போய்வந்தாள். ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளுக்குப் பழுப்புக் காகித அட்டை போட்டாள். இரண்டாவது வாரம் மழை பிடித்தது. கேட்டுக்குக் கீழே இருக்கிற இறக்கத்தில் ஈரத்தில் கம்பி நெகிழ்ந்து கட்டை புரண்டது. கால் பெடலைத் தேடிக் காற்றில் போனது. தரையில் ஊன்றப் பார்த்தால் தரையும் எட்டவில்லை. முழங்கால் விலகி, ஒன்றரை மாதம் கட்டோடு படுத்தாள்.

அன்று சாயங்காலம் மழையில் கிடந்த சைக்கிளை எடுத்துவர என்னை அனுப்பினார்கள். கட்டைகளைப் பிடுங்கி எறிந்தேன். தள்ளிக்கொண்டுதான் வந்தேன், வீட்டுக்கு எதிரே இருந்த களத்துக்கு வந்ததும் ஏறிப் பார்த்தேன். அவ்வளவுதான், ஓடியது. பெடல் எட்டியது, நுனிக்கால் தரையைத் தொட்டது. அப்பா பிடித்துக்கொண்டு ஓடியபோதெல்லாம் நானும் கூடவே ஓடியவள் என்பதால் மற்றது எனக்குத் தெரிந்திருந்தது. அப்பா வாசலில் நின்று பார்த்தார். அம்மாவும் வந்து பார்த்தாள். "சின்னவளுக்கு தைரியம் பாரேன்" என்றாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டோடு படுத்திருந்த அக்காவுக்கும் அது கேட்டிருக்கும்.

அக்கா எழுந்து நடப்பதற்குள் அவள் இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் நான் ஒன்பதாவதுக்குத் தயாராக இருந்தேன், சைக்கிள் ஒன்றுதான் இருந்தது, அதை ஓட்டத் தெரிந்தவளும் ஒருத்திதான். அக்கா நாற்றங்காலில் பாலித்தீன் பைகளுக்கு மண் நிரப்பினாள். நான் காலையில் மணியடித்துக்கொண்டு போகும்போது குனிந்த தலையைத் தூக்கிக் கை காட்டுவாள். அந்தக் கைகாட்டலைத் தாண்டித்தான் நான் பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி, அரசு வேலை எல்லாம் போனேன். தைரியசாலி, கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி ஊரே பேசியது. எனக்குக் கால் நீளம், வேறு ஒன்றும் இல்லை.

போன மாதம் அக்கா கண் பரிசோதனைக்காகக் கீழே வந்து என் வீட்டில் தங்கியிருந்தாள். அறுபத்தொன்றைத் தாண்டிவிட்டாள். இன்னும் எஸ்டேட் பக்கம்தான் இருக்கிறாள், நான்கு மிளகுக் கொடியும் கொஞ்சம் ஆரஞ்சும் வைத்திருக்கிறாள். மழை வந்தால் அந்த முழங்கால் அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். புது ஃபிரேமில் என் சைக்கிள் தயாராகிவிட்டது என்று கடையிலிருந்து போன் வந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அளவெடுக்கிற பெண் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். "ரெண்டு பேரும் ஒரே உசரமுங்க" என்றாள்.

"இவள அளந்தாப்பல என்னயும் அளந்து பாரு சாமி, சும்மா தெரிஞ்சுக்கலாம்" என்றாள் அக்கா.

அவள் செருப்பைக் கழற்றிச் சுவரோடு நின்றாள். புத்தகம், டேப். அந்தப் பெண் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள்.

"மூணு இஞ்ச் வித்தியாசமுங்கம்மா. இவங்க ஓட்டற உசரத்துல சீட்ட வச்சா உங்களுக்கு பெடலே எட்டாதுங்க."

நான் அங்கேயே வெடித்துவிட்டேன். கடை என்று பார்க்கவில்லை. அப்பாவின் அவசரம், அம்மாவின் வாய், ரைட்டரின் மேதாவித்தனம், தலைமை ஆசிரியையின் உபதேசம், தையல்காரரைக்கூட விடவில்லை. இத்தனை வருடம் உள்ளே வைத்திருந்தது எல்லாம் வந்தது. கடைப் பெண் ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"போனாப் போகுது கண்ணு, உடு" என்றாள் அக்கா. "அப்பா பாவம், அளவெடுத்துத்தான வாங்கியாந்தாரு."

"என்ன அளவு எடுத்தாரு? என் கால அளந்துட்டுப் போயி உனக்கு வாங்கியாந்தாரு. அவளுக்கும் இதே அளவுதானன்னு என்கிட்ட கேட்டுட்டு..."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இதை அக்காவிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். தூக்கத்தில் இருக்கும்போது அப்பா தன்னை அளந்திருப்பார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாளாம். தன் கால் அளவுக்கு வாங்கிய சைக்கிளே தனக்கு ஓட்ட வரவில்லை என்று நாற்பத்தேழு வருடமும் நம்பியிருக்கிறாள்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

"தலையாட்டுனேன்."

"என் காலு குட்டைனு உனக்குத் தெரியுமா அப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். கோயில் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. களத்தில் அவள் ஒரு மாதம் விழுந்து விழுந்து எழுந்ததும், நான் வாயைத் திறக்காமல் பக்கத்திலேயே ஓடியதும் ஞாபகம் வந்தன. ஓடும்போது அந்தச் சைக்கிளை எவ்வளவு ஆசையாகப் பார்த்தேன் என்பதும்.

"தெரியும்" என்றேன்.

அக்கா குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"அவங்கல்லாம் தெரியாமச் செஞ்சாங்க, கண்ணு" என்றாள்.